ஆள் பார்க்காத நேரத்து வேலை

இறால் குளத்துக்கு ஆபத்தான நேரம் விடியப்புறம். பகல் முழுவதும் குளத்துப் பாசி வெயிலை வாங்கி ஒட்சிசனை உண்டாக்கும். இருட்டிவிட்டால் அதே பாசியும் இறாலோடு சேர்ந்து அந்த ஒட்சிசனைச் செலவழிக்கத் தொடங்கும். மூன்று மணி, நான்கு மணி ஆகும்போது தண்ணீரில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பயமில்லை. 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் இறால் மூச்சுத் திணறி மேலே வரும், கரையோரம் ஒதுங்கும். தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரம் அந்த நேரத்தில் நின்று, அதை ஒருவரும் கவனிக்காமல் விட்டால், நாலு மாதத்துப் பாடு சூரியன் வருவதற்குள் முடிந்துவிடும்.

அந்த நேரத்தில் முதலாளி சிலாபத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். மேற்பார்வை செய்கிற நானும் வீட்டில் இருப்பேன். வரம்பில், வாடிக்குள், டோர்ச் லைட்டோடு இருப்பவர் ஒரே ஒரு வேலையாள். அவர் எழும்பினாரா, சக்கரத்தின் சத்தம் மாறியதைக் கேட்டாரா, ஜெனரேட்டரைப் போட்டாரா, நடந்ததைக் காலையில் உள்ளபடி சொன்னாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் உடப்பில் பிறந்தவன். முந்தல் களப்பை ஒட்டிய பண்ணைகளில் அந்த வேலையாளைத் தேடி எடுக்கும் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடம் இருக்கிறது. ஆள் வேண்டும் என்றதும் முதலாளிமார் முதலில் சொல்வது, “அனுபவமுள்ள ஆளாப் பாருங்க” என்பதுதான். வேலை கேட்டு வருபவரும் தன் பெயரைச் சொன்ன கையோடு எத்தனை வருஷம், எந்தப் பண்ணை என்று சொல்லத் தொடங்கிவிடுவார். கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் அது வசதியான கணக்கு. ஆனால் குளத்து வேலையை ஒரு போகத்துக்குள் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். உண்மையைச் சொல்லும் பழக்கத்தை அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது. இதை என் சொந்த அபிப்பிராயமாக மட்டும் சொல்லவில்லை. இந்தக் கரை பெருஞ்செலவில் படித்த பாடம் இது.

1996 கற்பித்தது

இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் இறால் வளர்ப்பு 1980களில் வேகம் பிடித்தது. சிலாபம் களப்பு, முந்தல் களப்பு, புத்தளம் களப்பு மூன்றையும் ஒல்லாந்தர் கால்வாய் தொடுத்துக்கொண்டு போகிறது. அதன் இரு பக்கமும் குளங்கள் வெட்டப்பட்டன. கண்டல் காடும் உப்பளமும் தென்னங்காணியும் குளங்களாக மாறின. அப்போது இறால் வளர்த்த அனுபவம் இங்கே யாருக்கு இருந்தது? கரைவலை இழுத்தவர்கள், தோட்டத்தில் தேங்காய் உரித்தவர்கள், உப்பு வாரியவர்கள்தான் பண்ணை வேலையாட்கள் ஆனார்கள். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கறுப்பு இறால் கப்பலேறி ஜப்பானுக்குப் போனது.

1988, 89இல் ஒரு வைரஸ் நோய் வந்து தட்டிவிட்டுப் போனது. 1996இல் வந்தது வெண்புள்ளி நோய். அதற்குள் இந்தக் கரையில் அனுபவசாலிகள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த அனுபவம் கைகொடுக்கவில்லை. வெண்புள்ளிக்கு அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. குளத்துக்குள் வந்துவிட்டால் மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஏறக்குறைய எல்லா இறாலும் செத்துவிடும். சாப்பிடும் மனிதருக்கு அதனால் தீங்கு இல்லை. ஆகவே செத்துக்கொண்டிருக்கும் குளத்தை இரவோடிரவாக இறைத்து, அகப்பட்டதை விற்றுவிட்டு, தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிடலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். ஒருவர் மதகு வழியே விட்ட தண்ணீரை அடுத்தவர் நீர்ப்பம்பி தன் குளத்துக்குள் இறைத்துக்கொள்ளும். எல்லோரும் எடுப்பதும் அந்தக் கால்வாயில்தான், விடுவதும் அதில்தான். குளங்கள் வரிசையாகச் செத்தன. கைவிடப்பட்ட குளங்களை இன்றும் சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் வழியில், வரம்பு சரிந்து, உப்புப் பூத்துக் கிடப்பதாகப் பார்க்கலாம்.

இந்தத் தொழில் மறுபடி எழும்பியதற்குப் புது மருந்து காரணமாக இருக்கவில்லை. பண்ணைக்காரர்கள் ஊர் ஊராகச் சங்கம் அமைத்தார்கள். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த, நீருயிரின வளர்ப்புக்குப் பொறுப்பான அரச நிறுவனமான நெக்டாவும் பண்ணையாளர் அமைப்புகளும் சேர்ந்து கரையை வலயங்களாகப் பிரித்தன. எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று அட்டவணை வந்தது. சோதித்துப் பார்த்த குஞ்சைத்தான் குளத்தில் விட வேண்டும். நோய் கண்டால் உடனே சங்கத்துக்கும் அயல் பண்ணைக்கும் சொல்ல வேண்டும். மதகை மூடி, தண்ணீருக்குக் குளோரின் போட்டு, வைரஸ் சாகும்வரை வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டும். எரங்க கலப்பத்தி என்ற ஆய்வாளர் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிக்ரெட் பெர்க்கஸுடன் சேர்ந்து கொத்தாந்தீவு, அம்பகந்தவில, கரம்பை ஆகிய மூன்று ஊர்ப் பண்ணையாளர்களை ஆராய்ந்து 2014இல் எழுதினார். தனித்தனிச் சொந்தக்காரர்கள் ஒரு பொதுத் தண்ணீரைக் கூட்டாகக் காப்பாற்றுவதற்கு எடுத்துக்காட்டாக இந்த ஊர்களின் பெயர் அப்படித்தான் உலக ஆய்வேடுகளில் ஏறியது.

அந்த ஏற்பாடு முழுவதும் “என் குளத்தில் நோய் வந்திருக்கிறது” என்று ஒருவர் வாய் திறந்து சொல்வதில் நிற்கிறது. அதை முதலில் காண்பவர் முதலாளியும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஓடு வெளுத்த ஒரு இறால் காலையில் கரையோரம் மிதப்பதைப் பார்க்கிறவர் வேலையாள். அதைச் சேற்றில் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் அவரால் முடியும். கையில் எடுத்துக்கொண்டு ஓடிவரவும் முடியும். எத்தனை வருஷ அனுபவம் என்ற கேள்வி இந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்டாது.

தீன் தட்டில் தெரிவது

பண்ணையின் நடப்புச் செலவில் பாதிக்கு மேல் தீனுக்குப் போகிறது. குளத்தின் மூலைகளில் கயிற்றில் கட்டி இறக்கிய வலைத் தட்டுகளில் கொஞ்சம் தீன் வைப்போம். இரண்டு மணித்தியாலம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். தட்டு வெறுமையாக இருந்தால் அடுத்த வேளைக்குக் கொஞ்சம் கூட்டலாம். மிஞ்சியிருந்தால் குறைக்க வேண்டும். மிஞ்சிய தீன் அடியில் அழுகி அமோனியாவாக மாறும். குறைந்துபோனால் இறாலை இறால் தின்னும். ஒரு நாளைக்கு நாலைந்து வேளை இந்தச் சின்ன வேலை நடக்கிறது. தட்டில் கண்டதைக் கொப்பியில் எழுத வேண்டும். அடுத்த வேளைத் தீனின் அளவு அந்த எழுத்திலிருந்துதான் வரும்.

ஒரு தடவை நல்ல அனுபவசாலி என்று பலர் சொல்லி ஒருவர் வந்தார். வேலை தெரிந்தவர். வீசுவலையை அவர் எறிந்தால் வட்டமாக விழும். கொப்பியும் கண்ணுக்கு அழகாக இருந்தது. ஒரு வேளைகூட விடுபடவில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் வரம்பில் நடந்துபோனபோது தட்டுக் கயிறுகளைத் தொட்டுப் பார்த்தேன். பதினொரு மணிக்குத் தூக்கியதாக எழுதியிருந்த தட்டின் கயிறு கைப்பிடியிலிருந்து தண்ணீர் மட்டம்வரை காய்ந்து, உப்புப் படிந்து கிடந்தது. தட்டில் என்ன இருக்கும் என்பது அனுபவத்தால் அவருக்குத் தோராயமாகத் தெரியும். அந்தத் துணிச்சலில் தூக்காமலே எழுதியிருக்கிறார். புதிய ஆளுக்கு அந்தப் பொய்யை எழுதவே தெரியாது.

அதே போகத்தில் கரைவலைக்காரக் குடும்பத்துப் பொடியன் ஒருவன் வேலை கேட்டு வந்தான். பண்ணைக்குள் அதுவரை கால் வைக்காதவன். அவனிடம் ஒரு தட்டைத் தூக்கிக் கொடுத்து, “தம்பி, இதுல என்ன தெரியுது?” என்று கேட்டேன்.

தட்டை வெயில் பக்கம் சாய்த்து, விரலால் தடவிப் பார்த்தான். “தீன் கொஞ்சம் மிஞ்சியிருக்கு அண்ணன். நடுவில இல்ல, ஓரத்திலதான் இருக்கு. ஏன் எண்டு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்.”

கண்டதைச் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். ஏன் என்று கேட்டான். அவனை எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு இரவு மின்சாரம் போனது. ஜெனரேட்டரில் டீசல் போதாது. நிரப்ப வேண்டியது அவன் பொறுப்பு, மறந்துவிட்டான். அந்த நிமிஷமே எனக்குத் தொலைபேசி எடுத்து, “பிழை என்னோடது அண்ணன், டீசல் பார்க்கல்ல, சக்கரம் நிண்டுட்டுது” என்றான். நான் புறப்படுவதற்குள் அயல் பண்ணைக்கு ஓடி டீசல் கான் ஒன்றை வாங்கி வந்திருந்தான். அன்று கொஞ்ச இறால்தான் செத்தது. தன் பிழையை மறைக்க அவன் கால் மணித்தியாலம் யோசித்திருந்தால் குளமே போயிருக்கும். டீசல் பார்க்கும் பழக்கத்தை அடுத்த நாளே சொல்லிக்கொடுத்தோம். தொலைபேசி எடுக்கும் மனசை அவன் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தான்.

ஆய்வாளர்கள் கண்டது

இது இறால் குளத்தில் மட்டும் உண்மையா என்று கேட்கலாம். உலகத்தில் இதைப் பற்றி நூறாண்டுக்குக் கிட்ட ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1998இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு கால ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஆள் எடுக்கும் 19 முறைகளை ஒப்பிட்டார்கள். ஒரு முறை பின்னாளைய வேலைத்திறனை எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பதற்கு எண் கொடுத்தார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். அனுபவ ஆண்டுகளுக்குக் கிடைத்தது 0.18. பொறுப்புணர்ச்சிக்கு 0.31. நேர்மையை அறியும் சோதனைகளுக்கு 0.41. அறிவுத்திறன் சோதனைக்கும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்கும் நேர்முகத்துக்கும் 0.51. வேலையைச் செய்துகாட்டச் சொல்வதற்கு 0.54.

2022இல் போல் சாக்கெட் தலைமையிலான குழு இந்தக் கணக்குகளைத் திருத்தியது. பெரும்பாலான எண்கள் கீழே வந்தன. ஒழுங்கான நேர்முகம் 0.42 என்று முதலிடத்துக்கு வந்தது. நேர்மைச் சோதனை 0.31இல் நின்றது. அனுபவ ஆண்டுகள் 0.07 ஆக இறங்கின. இதற்கு முன்பே, 2019இல், சாட் வான் இடகிங்கும் அவருடைய குழுவினரும் 81 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருந்தார்கள். புதிய இடத்தில் ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதற்கும் அவர் முந்திப் பார்த்த வேலையின் ஆண்டுகளுக்கும் தொடர்பு மிகச் சொற்பம் என்பது அவர்களுடைய முடிவு.

ஏன் இப்படி? ஆண்டுக் கணக்கு ஒருவர் எவ்வளவு காலம் இருந்தார் என்பதைச் சொல்லும். என்ன கற்றார் என்பதைச் சொல்லாது. ஒரே வருஷத்தைப் பத்து முறை வாழ்ந்தவரும் பத்து வருஷம் கற்றவரும் தாளில் ஒன்றுபோல இருப்பார்கள். மேலும், பழைய இடத்துப் பழக்கம் புதிய இடத்துக்குப் பொருந்தாமல் போகலாம். அண்மைக் காலத்தில் வனாமி இறால் இந்தக் கரைக்கு வந்தபோது இதைக் கண்ணால் கண்டோம். கறுப்பு இறால் அடியில் கிடக்கும். வனாமி தண்ணீரின் நடுவிலும் நீந்தும், பல மடங்கு நெருக்கமாகவும் விடப்படும். காற்றும் தீனும் வேறு கணக்கில் போக வேண்டும். “நான் பார்க்காத இறாலா?” என்று நின்றவர்கள் பின்தங்கினார்கள். “இதுக்கு எப்படி?” என்று கேட்டவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

மக்டானியல் என்பவர் ஷ்மிட், ஹன்டருடன் சேர்ந்து 1988இல் காட்டிய இன்னொரு விஷயமும் இங்கே பொருந்தும். அனுபவத்தின் பலன் வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளில்தான் அதிகம் தெரிகிறது. அனுபவமே இல்லாதவருக்கும் இரண்டு வருஷம் செய்தவருக்கும் இடையில் நல்ல வித்தியாசம் இருக்கும். பத்து வருஷத்துக்கும் பதினைந்து வருஷத்துக்கும் இடையில் அவ்வளவு இருக்காது. கற்றுக்கொள்ளும் மனமுள்ள ஒருவரை எடுத்தால் அந்த முதல் வித்தியாசம் சில போகங்களில் மறைந்துவிடும் என்பது என் அனுபவமும்கூட.

எந்தக் குணம்?

“நல்ல பிள்ளை” என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. வேலைக்கு வேண்டிய குணம் எது என்று அந்த வேலையே சொல்லும். எங்கள் உடப்பில் கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிற்றிலும் வரிசையாக ஆட்கள் நின்று, அம்பாப் பாட்டுச் சொல்லி, ஒரே இழுப்பாக இழுப்பார்கள். ஒருவர் கயிற்றைத் தளர விட்டால் முன்னும் பின்னும் நிற்பவர்களின் தோளுக்கு உடனே தெரிந்துவிடும். அங்கே கூட்டமே மேற்பார்வை. இறால் குளத்தில் ஆள் தனியே நிற்கிறார். பார்க்க ஒருவரும் இல்லாத வேலையில் குணத்தின் எடை கூடுகிறது. வயோதிபரைப் பராமரிக்கும் பெண், மருந்துக்கடையில் திகதி பார்ப்பவர், இரவுக் காவலாளி, பாடசாலை வான் ஓட்டுபவர், இவர்களெல்லாம் அந்த வகைதான்.

நான் தேடும் குணங்கள் நான்கு. கண்டதைக் கண்டபடி சொல்வது. சின்ன வேலையையும் முடித்துவிட்டு நகர்வது. தெரியாததைக் கேட்கக் கூசாமை. அயல் குளமும் குளம்தான் என்று நினைப்பது. கடைசியாகச் சொன்னது பலருக்கு விசித்திரமாகப் படும். ஒரு குளத்தில் போட்ட வலையைக் கழுவிக் காயவைக்காமல் இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோகாதவர், பண்ணை வாசலில் கால் நனைக்க வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரைத் தாண்டிக் குதிக்காதவர், தன் முதலாளியோடு சேர்த்துப் பக்கத்து முதலாளியையும் காப்பாற்றுகிறார். 1996ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் விலை தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குணம் முக்கியம் என்று சொல்கிற பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பத்து நிமிஷம் பேசிவிட்டு “எனக்கு ஆள் விளங்கிட்டுது” என்பவர், பேச்சுச் சாதுரியத்தைக் குணமென்று எடுத்துக்கொள்கிறார். அதனால் சில ஒழுங்குகளை வைத்திருக்கிறேன். சின்னக் கடை வைத்திருப்பவரும் இவற்றைச் செய்யலாம்.

முதலாவது, வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பது. “நேர்மையானவரா நீங்கள்?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேட்க வேண்டும். நீங்கள் செய்த ஒரு பிழையை முதலாளி எப்படித் தெரிந்துகொண்டார், நீங்கள் சொன்னீர்களா, அவராகக் கண்டுபிடித்தாரா? கூட வேலை செய்தவர் தவறு செய்ததைக் கண்டபோது என்ன செய்தீர்கள்? கடைசியாகப் புதிதாகக் கற்றுக்கொண்ட வேலை எது, யார் சொல்லித் தந்தார்? பிறகு ஒரு நிலைமையைச் சொல்வேன். விடியப்புறம் கரையில் சில இறால் செத்துக் கிடக்கிறது, என் தொலைபேசி வேலை செய்யவில்லை, என்ன செய்வீர்கள்? பதிலைக் கேட்டவுடன் புள்ளி போட்டுவிடுவேன். மற்றவரோடு கலந்து பேசுவது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, ஒரு நாள் வேலை செய்யவிட்டுப் பார்ப்பது, அந்த நாளுக்குரிய முழுக் கூலியையும் கொடுத்து. காலையில் தீன் தட்டுப் பார்க்கும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பேன். பின்னேரம் அவரையே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்வேன். கற்கும் மனசும் கவனமும் அதில் வெளிச்சமாகிவிடும். ஆட்களை எவ்வளவுதான் சோதித்துத் தேர்ந்தாலும், வேலையில் இறங்கியபின் வேறாகத் தெரிபவர் பலர் என்று வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அதனால் கேள்வியால் மட்டும் முடிவெடுக்க நான் துணிவதில்லை.

மூன்றாவது, முன்பு வேலை கொடுத்தவரிடம் கேட்பது. “ஆள் எப்படி?” என்று கேட்டால் “நல்ல ஆள்” என்று முடித்துவிடுவார்கள். “இரவு வேலைக்கு மறுபடி இவரை எடுப்பீர்களா?” என்று கேட்டால், பதில் வருவதற்கு முன் வரும் தயக்கமே பாதி பதில்.

“நம்ம ஆள்”

குணம் பார்த்து எடுக்கிறேன் என்ற பேச்சுக்குள் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. குணம் என்ற பெயரில் சாதியையும் ஊரையும் மதத்தையும் பார்த்துவிடுவோம். இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்கிறோம். “அவன் நம்ம ஆள், நம்பலாம்” என்ற சொல்லை மூன்று பக்கமும் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லில் குணம் துளியும் இல்லை, உறவு மட்டும்தான் இருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களில் பெரும் பகுதியினர் இந்த மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். கடை வைத்திருந்தவர், வயல் செய்தவர், தையல் இயந்திரத்தோடு வாழ்ந்தவர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் எல்லோரும் கையில் எதுவும் இல்லாமல் வந்து இறங்கினார்கள். கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் நாள் கூலிக்குப் போனார்கள். பலரிடம் காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லை, இங்கே அவர்களுக்காகப் பேசுவதற்கு ஆளும் இல்லை. அனுபவக் கடிதம் கேட்டவர் அவர்களைத் திருப்பி அனுப்பினார். “நம்ம ஆள்” பார்த்தவரும் திருப்பி அனுப்பினார். வேலையைக் கொடுத்துப் பார்த்தவருக்கு மட்டும்தான் எப்படிப்பட்ட மனிதர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரே கேள்வி, ஒரே சோதனை, ஒரே புள்ளி என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருந்தால்தான் குணம் உள்ளே வரும்.

நம் முன்னோருக்கும் இந்தக் கவலை இருந்திருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கிட்டத்தட்ட 921ஆம் ஆண்டில் வெட்டியது, ஊர் வாரியங்களுக்கு யாரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கலாம் என்று விதி சொல்கிறது. முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவர் கூடாது. காணியும் வேதக் கல்வியும் உள்ள பிராமணருக்கே அந்தச் சபை இடம் கொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், அந்த வேலியை நாம் ஏற்க முடியாது. ஆனால் பதவியில் இருந்த காலத்தைத் தகுதியாக எண்ணாமல், கணக்கை ஒப்படைத்தாரா என்று கேட்ட அந்தக் கேள்வி இன்றைக்கும் சரியான கேள்வி.

அனுபவம் கட்டாயமான இடங்கள்

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 900 மெகாவாற்று ஓடுகிறது. அங்கே கொதிகலனைப் பார்ப்பவருக்கு நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது. மின்சாரம் பொருத்துபவர், சத்திரசிகிச்சை செய்பவர், பாரந்தூக்கி இயக்குபவர் ஆகியோரின் முதல் பிழையே உயிரை எடுத்துவிடலாம். கற்க ஆண்டுகள் பிடிக்கும் வேலையில் அனுபவத்தையும் சான்றிதழையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அங்கேயும் அனுபவம் வாசற்படிதான். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்கப் படகுகள் போகின்றன. கடலும் காற்றும் தெரியாத ஒருவரிடம் அந்தப் படகைக் கொடுக்கவே முடியாது. கடல் தெரிந்த பலருக்குள் யாரை எடுப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகு வருகிறது. கூட்டத்தைக் கண்டதும் துரத்திக்கொண்டு நடுவே பாய்பவரா, தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, அவை தாமாகப் படகுப் பக்கம் வரும்வரை பொறுத்திருப்பவரா? அந்தப் பொறுமை இல்லாதவர்களால் நாளைக்கு அந்தக் கடலில் டொல்பினும் இருக்காது, தொழிலும் இருக்காது.

குணத்துக்கும் கூலி உண்டு

கடைசியாக, முதலாளிமாருக்கு ஒன்று. அனுபவம் இல்லாதவரை எடுக்கிறோம் என்பது சம்பளத்தை வெட்ட ஒரு சாட்டு ஆகிவிடக் கூடாது. “பழகுற காலம்தானே” என்று சொல்லி மாதக்கணக்கில் ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் விடுவதை இந்தக் கரையில் எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே அது அவருக்கு உரியது. முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். உண்மை பேசும் ஒருவரைத் தேடி எடுத்துவிட்டு அவரிடமே கணக்கை மறைத்தால், அந்த உண்மை எத்தனை நாளைக்குத் தங்கும்? இன்னொன்று: பிழையைச் சொல்ல வந்தவரை எல்லோர் முன்னிலும் ஏசினால், அடுத்த பிழை உங்கள் காதுக்கு வராது. குணமுள்ளவரை எடுப்பது பாதி வேலை. அந்தக் குணத்துக்குத் தண்டனை கிடைக்காதபடி பார்த்துக்கொள்வது மீதிப் பாதி.

வேலை தேடும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். “அனுபவம் இல்லை” என்று தலையைக் குனியாதீர்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்தது, கோயில் திருவிழாவில் காசுப் பெட்டியைப் பொறுப்பாக வைத்திருந்தது, அப்பாவோடு விடியப்புறம் வலைக்குப் போனது எல்லாம் சொல்லத் தக்கவைதான். எதை ஏற்றுக்கொண்டீர்கள், எதை முடித்தீர்கள், எங்கே பிழை விட்டீர்கள், யாரிடம் போய்ச் சொன்னீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த முறை நீங்கள் ஒரு வெற்றிடத்துக்கு விளம்பரம் எழுதும் முதலாளியாக இருந்தால், “ஐந்து வருட அனுபவம்” என்ற வரியை எழுதுவதற்கு முன் அந்த வேலையில் ஆளில்லாத நேரம் எது என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தை யாரிடம் நம்பிக் கொடுப்பீர்களோ அவரைத் தேடுவதற்கு ஏற்றபடி கேள்விகளை எழுதுங்கள். தொழிலை நாம் சொல்லிக்கொடுக்கலாம்.